தூங்குமூஞ்சி மரமும் வள்ளிக் கீரையும்



மரத்தையும் கீரையையும் ஒப்பிடுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். ஒன்று நூறாண்டு கடந்து நிற்பது. மற்றொன்று நட்ட சில வாரங்களில் சட்டிக்குப் போவது. ஒன்று கண்ணுக்குக் குளிர்ச்சி. மற்றொன்று வயிற்றுக்கு உணவு. ஆயினும், ஆரம்பப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியை என்ற முறையில், இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். நான் எடுத்துக்கொண்ட மரம், தைப்பிங் ஏரிப் பூங்காவில் கிளை பரப்பி நிற்கும் தூங்குமூஞ்சி மரம். கீரை, தோட்டப்புற லயங்களின் பின்னால் நம் முன்னோர் வளர்த்த சர்க்கரைவள்ளிக் கீரை.

கடல் கடந்து வந்தவை

இவை இரண்டுமே இம்மண்ணில் தோன்றியவை அல்ல. இரண்டுக்கும் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. சர்க்கரைவள்ளி 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய, போர்த்துகீசியக் கப்பல்களின் வழி ஆசியாவுக்கு வந்தது. தூங்குமூஞ்சி மரம் 1876ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே, அதாவது 1877இல், 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் 1900களின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் பாட்டன் பாட்டிமார் ஆயிரக்கணக்கில் கப்பலேறினர். ஆக, மரம், கீரை, மனிதர் என மூவருமே கடல் கடந்து வந்து இங்கு வேரூன்றியவர்கள்தாம்.

மரத்தின் கதை

தைப்பிங் ஈயத்தால் எழுந்த நகரம். ஈயம் தோண்டி முடிந்தபின் கைவிடப்பட்ட குட்டைகளையே ஏரிகளாக்கி, 1880ஆம் ஆண்டில் பூங்கா அமைக்கும் பணி தொடங்கியது. கர்னல் ராபர்ட் வாக்கர் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் எண்ணம் அது என்பர். ஏரிக்கரைச் சாலையோரம் நடப்பட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இன்று சாலையைத் தாண்டி, நீரைத் தொடும் அளவுக்குக் கிளைகளை நீட்டி நிற்கின்றன.

மாலையானால் இம்மரம் தன் சிற்றிலைகளை மடித்துக்கொள்ளும். அதனால்தான் தமிழர் இதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயரிட்டனர். மலாய்க்காரர்கள் இதனைப் ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம் என்பர். மழைக்காலத்திலும் இலைகள் மடிவதால், மழைநீர் தங்குதடையின்றி அடிமண்ணை அடைகிறது. மரத்தின் கீழே புல் செழிக்கிறது. வறண்ட நாடுகளில் சிறிது காலம் இலையுதிர்க்கும் இம்மரம், மழை ஓயாத தைப்பிங்கில் ஆண்டு முழுவதும் பச்சைக் குடையாகவே இருக்கிறது. இதன் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்நிழலில் நடந்தவர் யாரும் அதனை மறக்கமாட்டார்.

கீரையின் கதை

சர்க்கரைவள்ளிக்கு விதை தேவையில்லை. கொடியில் ஒரு முழம் வெட்டி ஈரமண்ணில் ஊன்றினால் போதும். சில வாரங்களில் கொழுந்து கிள்ளலாம். மூன்று நான்கு மாதங்களில் கிழங்கு தோண்டலாம். மரவள்ளி இலையைப்போல் நச்சு நீங்க நெடுநேரம் வேகவைக்க வேண்டியதும் இல்லை. பருப்போடு கடையலாம், நெத்திலிக் கருவாடு சேர்த்து வதக்கலாம். மலாய்க்காரர் வீட்டில் இதே கொழுந்து தேங்காய்ப்பாலில் வேகும். சீனர் வீட்டில் பூண்டும் பெலாச்சானும் சேர்த்து வதக்கப்படும். ஒரே கொழுந்து மூவினத்தாரின் அடுப்பிலும் ஏறியது.

தோட்டங்களில் பால்மரம் சீவச் செல்வோர் விடியுமுன் எழுந்து வேலைக்காட்டுக்குச் செல்வர். பிற்பகலில் திரும்பிய பிறகே லயத்தின் பின்புறம் உள்ள சிறு துண்டு நிலத்தைக் கொத்துவர். அப்பாத்தியைப் பேணியவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோட்டக் கணக்கேடுகளில் எத்தனை இராத்தல் பால் எடுத்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. எத்தனை பிடி கீரை பறித்தார்கள் என்பது எங்கும் பதிவாகவில்லை.

பஞ்ச காலத்தில்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்தே வரவழைத்தது. கப்பல்கள் நின்றன, அரிசியும் குறைந்தது. ரப்பருக்குச் சந்தை இல்லாமற் போகவே தோட்டத் தொழிலாளர்க்குக் கூலியும் இல்லை. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே சோறாயின.

அதே காலத்தில்தான் நம்மவர் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. லயங்களில் எஞ்சியவர்கள் பெண்களும் பிள்ளைகளும் முதியோருமே.

அந்தத் தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கொழுந்தை மிகுதியாகக் கிள்ளினால் கிழங்கு சிறுக்கும். கிள்ளாமல் விட்டால் இன்றிரவு பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. இன்றைய பசிக்கும் மூன்று மாதம் கழித்து வரப்போகும் பசிக்கும் இடையே நாள்தோறும் அவள் கணக்குப் போட்டாள். கிழங்கு வயிற்றை நிரப்பியது. உயிர்ச்சத்து நிறைந்த கீரை உடலைத் தாங்கியது. போர்க்கால வரலாறு என்றால் படைத்தலைவர்களின் பெயர்களை நாம் மனப்பாடம் செய்விக்கிறோம். இந்தக் கணக்கும் போர்க்கால வரலாறுதானே?

நிலம் யாருடையது?

மரம் நிலைத்தது, கீரைப் பாத்தி மறைந்தது, ஏன்? மரத்துக்கு ஆயுள் நீளம், கீரைக்கு ஆயுள் குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது முழு விடையாகாது. ஒரு கொடியை வெட்டி மீண்டும் நட்டுக்கொண்டே இருந்தால் கீரையும் நூறாண்டு வாழும். வேறுபாடு நிலத்தில் இருக்கிறது.

மரத்துக்கென்று பொது நிலம் ஒதுக்கப்பட்டது. அதனைக் காக்க நகராட்சியும் அமைந்தது. கீரைப் பாத்தியோ தோட்ட நிருவாகத்தின் நிலத்தில் இரவலாக இருந்தது. வேலை போனால் லயத்து வீடு போகும். வீடு போனால் பாத்தியும் போகும். 1950களில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். அந்த ஆபத்தை எதிர்கொள்ளவே 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே கொடி ஊன்ற ஒரு முழ மண்ணும் இல்லை.

நிழலுக்கு நிலம் கிடைத்தது. உணவு விளைவித்தவர்க்குக் கிடைக்கவில்லை. இந்த ஒப்பீட்டில் நான் கண்ட வரலாற்றுப் பாடம் இதுவே.

நாம் செய்யக்கூடியது

மாணவர்களைத் தைப்பிங்கிற்குச் சுற்றுலா அழைத்துச் செல்லுங்கள். அம்மரங்களின் வயதைக் கணக்கிடச் சொல்லுங்கள். திரும்பி வந்தபின் பள்ளி வளாகத்தில் ஒரு பாத்தி கொத்தி வள்ளிக்கொடி ஊன்றச் செய்யுங்கள். இடமில்லாத பள்ளிகளில் ஒரு பழைய வாளியும் போதும். முதல் கொழுந்து கிள்ளும் நாளில் இக்கதையைச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1942இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். அத்தகைய பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் பிள்ளைகளை அவர்கள் அருகில் உட்கார வையுங்கள். அன்று என்ன சமைத்தீர்கள், யார் நட்டார்கள், எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம் என்று கேட்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து, பின்னர் தமிழில் எழுத வையுங்கள். கட்டுரைப் பயிற்சியும் ஆயிற்று. குடும்ப வரலாறும் ஆயிற்று.

தைப்பிங் மரங்கள் அடுத்த ஆண்டும் அங்கே நிற்கும். அவற்றைப் பிறகும் பார்க்கலாம். அந்தப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியதை இந்தப் பள்ளி விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.