விடுமுறைத் தொண்டும் கம்போடியக் காப்பகங்களும்

கம்போடியாவில் 2005-இல் 154 குழந்தைகள் காப்பகங்கள் இருந்தன. 2010-இல் அவை 269 ஆகப் பெருகின. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே போர் நடக்கவில்லை. பெரும் பஞ்சமும் வரவில்லை. கெமர் ரூஜ் கொடுங்கோல் ஆட்சி 1979-இலேயே வீழ்ந்துவிட்டது. அந்தக் கொடுமையில் பெற்றோரைப் பறிகொடுத்த சிறுவர்கள் 2005-க்குள் தாமே பிள்ளை பெற்று வளர்க்கும் வயதை எட்டியிருந்தார்கள். அப்படியானால், புதிதாக முளைத்த நூற்றுக்கும் மேற்பட்ட காப்பகங்களில் இருந்த பிள்ளைகள் யார்? 2011-இல் கம்போடியச் சமூகநல அமைச்சகமும் யுனிசெஃப் அமைப்பும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. காப்பகக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர்.

இதே ஐந்தாண்டில் அந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை சுமார் 14 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்தது. இரண்டும் ஒரே வேகத்தில் வளர்ந்தன என்பதால் மட்டும் ஒன்று மற்றதன் காரணம் ஆகிவிடாது. ஆனால் 269 காப்பகங்களில் அரசு நடத்தியவை 21 மட்டுமே. மற்றவை பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடையை நம்பி நடந்தவை. தலைநகர் புனோம் பென், அங்கோர் வாட் கோயிலைக் காண வருவோர் தங்கும் சியாம் ரீப் போன்ற இடங்களில் அவை திரண்டிருந்தன. அனாதைகள் அதிகமாக இருந்த இடம் எதுவென்று இந்தப் பரவல் காட்டவில்லை. பயணிகள் அதிகமாக வந்த இடங்களையே காட்டுகிறது.

விடுமுறையில் வெளிநாடு சென்று தொண்டு செய்வோரைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் அவர்களுடைய மனத்தைச் சுற்றியே நடக்கிறது: அவர்கள் உண்மையிலேயே இரக்கமுள்ளவர்களா, படம் எடுத்துப் போட வந்தவர்களா? இந்தக் கேள்வி பிழையான இடத்தில் நிற்கிறது. வந்தவர்களில் மிகப் பலர் நல்லவர்கள். தம் சேமிப்பைச் செலவழித்து வந்தவர்கள். கோளாறு பணம் பாயும் வழியில் இருக்கிறது. தொண்டு செய்பவரே அதற்குக் கட்டணமும் செலுத்தும்போது அவர் வாடிக்கையாளர் ஆகிறார்; தொண்டு அவருடைய விடுமுறை நாட்களுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப வடிவம் கொள்கிறது. குழந்தைகளைப் பார்க்க விரும்பும் வாடிக்கையாளருக்குக் குழந்தைகள் தேவைப்படுகிறார்கள்.

வெளிநாட்டுத் தொண்டு எப்போதும் இப்படி இருந்ததில்லை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரெசோல் 1920-இல், முதல் உலகப் போரில் சிதைந்த வெர்தூனுக்கு அருகிலுள்ள எஸ்ன் கிராமத்தில், ஜெர்மானியரையும் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு குழுவாகக் கட்டுமான வேலை செய்தார். சர்வதேச உடலுழைப்புத் தொண்டு இயக்கம் அங்கே தொடங்கியது. 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் நொறுக்கியபோது, செரெசோல் அங்கும் வந்து, ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியோடு இணைந்து, முசாபர்பூர் பகுதியில் குடியிருப்புகளை எழுப்ப உழைத்தார். பின்னரும் அந்தப் பணிக்குத் திரும்ப வந்தார். வேலை முன்பே அங்கே இருந்தது. உள்ளூர்த் தலைமையும் இருந்தது. வந்தவர் அதற்குள் தம்மைப் பொருத்திக்கொண்டார். சியாம் ரீப்பில் நடந்தது இதன் நேர் எதிர்.

அங்கே மாலை நேரங்களில் காப்பகப் பிள்ளைகள் பயணிகளுக்கு முன் அப்சரா நடனம் ஆடினார்கள். இரவுக் கடைத்தெருவில் துண்டறிக்கை கொடுத்துத் தம் இல்லத்துக்கு அழைத்தார்கள். டுக்-டுக் ஓட்டுநர்கள் கோயில் பார்த்து முடித்தவர்களை வழியில் ஒரு காப்பகத்தில் இறக்கினார்கள். சில வாரம் தங்க விரும்புவோருக்கு முகவர் நிறுவனங்கள் கட்டணத் திட்டம் வகுத்தன. சொந்த நாட்டில் ஒரு மழலையர் பள்ளிக்குள் பின்னணிச் சோதனையின்றி நுழைய முடியாத ஒருவரால், இங்கே மறுநாளே குழந்தைகளைக் குளிப்பாட்டித் தூங்கவைக்க முடிந்தது. ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2011-இல், குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்லர் என்று விளம்பரப் பலகை வைத்துப் பிரசாரம் செய்யும் நிலை வந்தது இதனால்தான்.

அன்பு காட்டுவதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குச் சற்று நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வொன்றில், சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். 2007-இல் வெளியான முடிவில், குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி தெளிவாக மேம்பட்டிருந்தது. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் பலன் அதிகமாகத் தெரிந்தது. சோறும் துணியும் கிடைத்தும் நிலையாக ஒரே ஆளின் மடி கிடைக்காத குழந்தை, முன்பின் தெரியாதவரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். விடுமுறைக்கு வந்தவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்கிறார். குழந்தை மருத்துவர் அதைப் பிணைப்புக் குறைபாட்டின் அறிகுறியாகப் பார்க்கிறார். ஆய்வாளர்கள் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010-இல் தென் ஆப்பிரிக்காவை முன்வைத்து இதையே எழுதினார்கள். பிள்ளை ஒட்டிக்கொண்ட சில வாரங்களில் தொண்டர் விமானம் ஏறுகிறார், அடுத்தவர் வருகிறார், பிரிவு மறுபடியும் தொடங்குகிறது. தொண்டரின் அன்பு உண்மையானதாக இருக்க இருக்க இந்தக் காயமும் ஆழமாகிறது. இத்துறையில் மிகவும் வேதனை தரும் உண்மை இது.

நேபாளத்தில் இந்த ஏற்பாடு வெளிப்படையான ஆள்கடத்தலாகவே மாறியது. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில், மாவோயிஸ்டுகள் பிள்ளைகளைப் படைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று வடமேற்கு மூலையிலுள்ள ஹும்லா மாவட்டப் பெற்றோர் அஞ்சினார்கள். படிக்கவைக்கிறோம் என்று வந்த தரகர்களிடம் பணமும் கொடுத்துப் பிள்ளைகளையும் ஒப்படைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் காட்மாண்டுக் காப்பகங்களில் அனாதைகளாகக் காட்டப்பட்டார்கள். அமெரிக்கரான கானர் கிரெனன் தொண்டராகப் போய், பின்னர் மலையேறி நடந்து அந்தப் பெற்றோரைத் தேடிக் கண்டுபிடித்ததை நூலாகவே எழுதினார். நேபாளக் காப்பகங்களில் பத்தில் ஒன்பதுக்கு நெருக்கமானவை, அப்போதிருந்த 75 மாவட்டங்களுள் சுற்றுலா மிகுந்த ஐந்து மாவட்டங்களில் இருந்தன. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு, பெற்றோரோ உரிய ஆவணமோ இன்றிக் குழந்தைகளை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோக அரசு தடை விதித்தது இந்த முன் அனுபவத்தால்தான்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெற்றோர் விரும்பித்தானே அனுப்புகிறார்கள்? ஊரில் கிடைக்காத படிப்பும் மூன்று வேளைச் சோறும் காப்பகத்தில் கிடைக்கின்றனவே? அந்த ஏழைத் தாயின் கணக்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது; தன் பிள்ளைக்கு எது நல்லது என்று அவள் யோசித்தே முடிவெடுக்கிறாள். ஆனால் அவள் கேட்டது பள்ளிக்கூடம். கிடைத்ததோ பிள்ளையைப் பிரிந்தால்தான் பள்ளி என்ற நிபந்தனை. அந்த நிபந்தனையை விதித்தது வறுமை மட்டுமன்று, நன்கொடை பாயும் திசையும்தான். ஒரு குழந்தையைக் காப்பகத்தில் வைத்து வளர்ப்பதைவிட, அதே குழந்தையை வீட்டில் இருத்திப் படிக்கவைக்கப் பல மடங்கு குறைந்த பணம் போதும். ஆனால் தன் வீட்டில் தாயோடு வளரும் பிள்ளையைப் பார்க்க எந்தப் பயணியும் கட்டணம் கட்டுவதில்லை.

கட்டுமானத் தொண்டிலும் இதே கோளாறு சிறிய அளவில் தெரிகிறது. பள்ளிப் பருவத்தில் தான்சானியாவுக்குப் போய் நூலகம் கட்டிய பிப்பா பிடில், தம் குழுவினர் பகலில் கோணலாக வைத்த செங்கற்களை உள்ளூர்க்காரர்கள் இரவில் பிரித்து மறுபடி கட்டியதை 2014-இல் எழுதினார். அங்கே வீணானவை செங்கலும் உழைப்பும் மட்டுமே.

சட்டம் மெல்ல விழித்திருக்கிறது. குடும்பமுள்ள குழந்தையை ஆவணத்தில் அனாதையாக்கிக் காப்பகத்துக்குக் கொண்டுவருவது ஆள்கடத்தலே என்று ஆஸ்திரேலியச் சட்ட ஆய்வாளர் கேட் வான் டோர் 2016-இல் வாதிட்டார். மறு ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு நவீன அடிமைமுறை பற்றிய தன் அறிக்கையில் இதற்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானம், காப்பகங்களில் நடக்கும் சுற்றுலாவையும் தொண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. கம்போடிய அரசு 2015-இல் நடத்திய விரிவான கணக்கெடுப்பில் 406 காப்பகங்களில் 16,579 குழந்தைகள் இருந்தார்கள். அதே ஆண்டு காப்பக நிர்வாகத்துக்கென விதிமுறைகளும் வந்தன.

மாற்று வழி கற்பனை அன்று. ஆஸ்திரேலியரான டாரா விங்க்லர் 2007-இல் பட்டம்பாங் நகரில், மோசமான ஒரு காப்பகத்திலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காகத் தாமே ஓர் இல்லம் தொடங்கினார். அவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பம் இருப்பது தெரிந்ததும், பிள்ளைகளை உறவினரிடம் சேர்த்து, நிறுவனத்தையே குடும்ப உதவிச் சேவையாக மாற்றினார். இன்று களத்தில் வீடு வீடாகப் போகிறவர்கள் கெமர் மொழி பேசும் உள்ளூர்ச் சமூகப் பணியாளர்கள். வெளிநாட்டு நிபுணருக்கு அங்கேயும் இடமுண்டு: அந்தப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவது, கணக்குமுறையைச் சீராக்குவது, நிதி திரட்டுவது. இவற்றுள் எதற்கும் அவர் ஒரு குழந்தையைக்கூடச் சந்திக்க வேண்டியதில்லை. பயணத் திட்டங்களை விற்கும் நாடுகள், குழந்தைகளோடு நேரடியாகப் பழகும் குறுகியகாலத் தொண்டை விளம்பரம் செய்வதற்கே தடை விதிக்க வேண்டும்; பணம் கிளம்பும் இடம் அந்த நாடுகள்தான்.