சேமக்காலை விளக்குகள்

எலும்புக்கூடுகள் ஆடிப்பாடும் 'கோகோ' என்னும் அசைவூட்டப் படத்தை 2017இல் பிக்சார் வெளியிட்டது. அச்சுறுத்த வேண்டியவை சிரிக்க வைக்கின்றன. முடிவில் ஒரு மூதாட்டியின் நினைவு நம்மைக் கலங்க வைக்கிறது.

சிரிக்கும் எலும்புக்கூடு மெக்சிக்கோவுக்குப் புதிதன்று. பொசாடா (1852-1913) என்னும் ஓவியர் மலிவான அச்சுத்தாள்களில் அதை வரைந்து புகழ்பெற்றார். ஸ்பானியர் கொண்டுவந்த நவம்பர் 2ஆம் நாள் மரித்தோர் நினைவு, அங்குள்ள பழங்குடி வழக்கங்களோடு கலந்து குடும்ப விழாவாயிற்று.

அதே திருச்சபை நாட்காட்டி போர்த்துக்கேயர் வழியே யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. நாரந்தனை முதலிய தீவக ஊர்களின் கத்தோலிக்கர் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றி இறந்தோருக்காகச் செபிப்பர். நம்மிடம் ஆட்டமில்லை, அன்பு ஒன்றே.

படத்தில் ஒரு விதி உண்டு: வீட்டுப் பீடத்தில் படம் இல்லாதவர் அந்நாளில் உறவினரிடம் வர இயலாது; எவரும் நினையாதவர் முற்றாக மறைந்துபோவார். 1990இல் போர் தீவக மக்களை இடம்பெயர்த்தபோது பலர் குடும்பப் படங்களையும் விட்டே ஓடினர். ரொறன்ரோவிலும் பாரிசிலும் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்த முகங்கள் தெரியா.

படம் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கிறது. 'கோகோ' பார்த்து முடிந்ததும் பிள்ளைகளுக்கு அப்பெயர்களைச் சொல்லிவையுங்கள்.