கபுக்கியும் கூத்தும்: மக்கள் கலை உயர்கலையான வரலாறு

ஒரு சமுதாயம் உயர்கலை எனப் போற்றுவது யாது, வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவது யாது என்னும் வினாவுக்கு எக்காலத்தும் ஒரே விடை கிடைப்பதில்லை. நேற்று வீதியிலும் வயல்வெளியிலும் மக்கள் கண்டு களித்தவை இன்று அரங்கிலும் கண்காட்சிச் சாலையிலும் இடம்பெறுகின்றன. இம்மாற்றம் தானாக நிகழ்வதன்று. அதனை நிகழ்த்துவோர் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கின்றனர், சிலவற்றைக் கைவிடுகின்றனர். போருக்குப் பிந்திய யப்பானில் தொடங்கி, பேராதனை வழியாக, கிழக்கிலங்கைவரை நீளும் ஒரு தொடர்பு இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குகின்றது.

கபுக்கி இன்று யப்பானின் உயர்கலையாக மதிக்கப்படினும் அதன் பிறப்பு எளியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோத்தோ நகரில் ஒக்குனி என்னும் பெண்ணின் ஆடலோடு அது தோன்றியது என்பர். 1629இல் ஆட்சியாளர் பெண்கள் மேடையேறுவதைத் தடைசெய்தனர். காலப்போக்கில் பெண் பாத்திரங்களை ஆடவரே ஏற்று நடிக்கும் மரபு நிலைபெற்றது. நகர வணிகரும் கைவினைஞருமே அதன் சுவைஞர். புகழ்பெற்ற நடிகரின் உருவங்கள் மரவெட்டு அச்சுப் படங்களாக மலிவாக விற்பனையாயின. 1945இல் யப்பான் தோல்வியுற்றபின், அமெரிக்கப் படையாட்சியின் தணிக்கையாளர், நிலமானியப் பற்றை வளர்ப்பன எனக் கருதிப் பல கபுக்கி நாடகங்களைத் தடுத்தனர். 1947 அளவில் இத்தடை தளர்ந்தது. தோல்வியுற்ற மக்கள் தம்மைத் தாமே மீண்டும் இனங்காணும் கலைகளுள் ஒன்றாகக் கபுக்கி நிலைபெற்றது.

அதே காலத்தில் தெசூக்கா ஒசாமு போன்றோரின் சித்திரக்கதைகள் மலிவுப் பதிப்புகளாக மக்களிடையே பரவின. பின்னாளில் ஓவியர் முரக்காமி தக்காசி, 2000ஆம் ஆண்டில் ‘சூப்பர்பிளாற்’ என்னும் கண்காட்சியின் வழியாக, பழைய அச்சுப் படங்களின் தட்டையான வெளியையும் சித்திரக்கதை, அசைவூட்டப் படங்களின் தட்டையான வெளியையும் ஒரே மரபின் தொடர்ச்சியாகக் காட்டினார். மலிவான அச்சுத்தாள் இவ்வாறு நவீன ஓவியத்தின் ஊற்றாயிற்று.

ஓவியத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, நாடகத்துறையில் இவ்வுண்மையைக் கண்டுணர்ந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர. 1955இல் யப்பான் சென்ற அவர் கபுக்கி, நோ ஆகிய அரங்குகளை நேரிற் கண்டார். அவற்றை அவ்வாறே பெயர்த்துவர அவர் முனையவில்லை. இயற்பண்பு சார்ந்த காட்சியமைப்பு இன்றியும், ஆடலாலும் இசையாலும் பாவனையாலும் மனித வாழ்வின் சிக்கல்களை உணர்த்தலாம் என்பதே அவர் கற்ற பாடம். அப்பார்வையோடு தாயகத்தின் நாடகமவை நோக்கினார். நாடகம் என்னும் அச்சிங்களக் கிராமிய வடிவம் தமிழ்க் கூத்தின் செல்வாக்கால் உருவானது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. குணசிங்க குருன்னான்சே என்னும் மரபுக்கலைஞரின் துணையோடு உருவான ‘மனமே’ 1956 நவம்பர் 3இல் கொழும்பில் அரங்கேறியது.

தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே 1956ஆம் ஆண்டிலேயே. மொழியும் அடையாளமும் கொதிநிலையிலிருந்த அவ்வேளையில், அதே பல்கலைக்கழகத்தின் தமிழ் விரிவுரையாளர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின்பால் திரும்பினார். அண்ணாவிமாரை நாடிச் சென்றார், ஏட்டிலிருந்த நாடகங்களைப் பதிப்பித்தார், மாணவரைப் பயிற்றினார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. அதனைத் தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியன அப்பத்தாண்டிலேயே வெளிவந்தன. மாணவராக இப்பணியில் இணைந்த சி. மௌனகுரு பின்னர் இத்துறையின் முதன்மை ஆய்வாளராக விளங்கினார்.

இம்முயற்சியின் பேறு பெரிது. படித்தோர் நாட்டுப்புறத்தார் ஆட்டமென இகழ்ந்த கூத்து, தமிழரின் தேசிய அரங்கு என மதிப்புப் பெற்றது. ஆயினும் அதற்கொரு விலையும் இருந்தது. விடியவிடிய ஆடப்பட்ட கூத்து சில மணி நேரத்துள் சுருங்கியது. சுற்றிவர மக்கள் அமர்ந்திருந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் நோக்கும் படச்சட்ட மேடையாயிற்று. ஊரார் தம்முள் ஒருவரது ஆட்டத்தைக் கண்ட உறவு, நுழைவுச்சீட்டுப் பெற்ற பார்வையாளரின் உறவாக மாறியது. கலை உயர்ந்தபோது அதனைக் காத்த ஊர் பின்தள்ளப்பட்டது எனக் கூறுவதில் ஓரளவு உண்மையுண்டு.

இவ்விடத்திற் கல்முனை முதற் பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் ஊர்களை நோக்குதல் தகும். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இவ்வூர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதிகளே. களிகம்பு, பொல்லடி, சிலம்படி, றபான் இசை, பக்கீர் பைத், பெண்கள் பாடும் கவி என இவர்களுக்கும் ஒரு கலைச்செல்வம் உண்டு. களிகம்புக்கும் அண்ணாவியார் உளர். அதற்கும் தாளக்கட்டும் அடவும் உள. எனினும் பேராதனை முயற்சிக்கு அடித்தளமாய் அமைந்தது கூத்தே. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் பாட்டு ஓரளவு ஏடேறியது. ஆட்டமோ ஆடுவோர் உடலிலும் நினைவிலுமே தங்கியது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்தது. அவர்களோடு எழுதப்படாத எத்தனை பாடல்களும் அடவுகளும் மறைந்தனவோ?

சரச்சந்திரவுக்குத் தம்மூர்க் கலையின் மதிப்பை உணர யப்பான் பயணம் வேண்டியிருந்தது. இக்கரையோரத்து இளைஞருக்கு அத்தகைய நெடும்பயணம் வேண்டியதில்லை. 1995இல் கல்லூரியாகத் தோன்றி, மறுவருடம் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே உள்ளது. களிகம்பு அண்ணாவியாரின் முற்றம் அதற்கு அண்மையிலேயே உள்ளது. மேடையேற்றுமுன் அவரிடம் கற்றலும், கற்றதை அவர் பெயரோடு பதிதலும், ஆட்டத்தை அதன் ஊரிலிருந்து பிரிக்காது பேணுதலுமே முதற்கடன். பேராதனையின் வெற்றி மட்டுமன்றி, அவ்வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலையும் நமக்குப் பாடமாதல் வேண்டும்.