சிமெண்ட் ஊர்க்காரனின் ஒரு வருட வாசிப்பு

போன வருடம் ஒரு போட்டிக்காகத் திருச்சிக்குப் போயிருந்தோம். மதியச் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்ற மதுரைக்கார நண்பர், "எந்த ஊர் பாஸ்?" என்றார்.

"அரியலூர்."

"ஓ... அங்க என்ன இருக்கு?"

"சிமெண்ட்" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. அவரே பாவப்பட்டு, "லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணாரே, அந்த ரயில் விபத்து உங்க ஊர்தானே?" என்று எடுத்துக் கொடுத்தார். ஆமாம், 1956 நவம்பர் 23, மருதையாற்றுப் பாலம். அவர் மதுரையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். என்னிடம் இருந்தது சிமெண்டும் ஒரு விபத்தும்தான். சாம்பார் சாதம் இறங்கவில்லை.

அன்று ஆரம்பித்ததுதான் இந்த ஒரு வருட வாசிப்பு. "பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்குடா வரலாறு?" என்று வீட்டில் கேட்டார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு அரியர் விழுந்தபோது அந்தக் கேள்வி இன்னும் பலமாக வந்தது. (அரியலூர்க்காரனுக்கு அரியர் என்று வகுப்பில் கிண்டல் வேறு. பிறகு எழுதி பாஸ் பண்ணிவிட்டேன்.) அந்தக் கேள்விக்கு என் பதில் கடைசியில். முதலில் புத்தகங்கள்.

1. பொன்னியின் செல்வன்

படம் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை. எல்லோரும் வந்தியத்தேவன், நந்தினி என்று உருகும்போது நான் ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பழுவேட்டரையர்! பழுவூர் என்றால் நம்ம கீழப்பழுவூர், மேலப்பழுவூர். அரியலூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். எத்தனை தடவை அந்த வழியாகத் தூங்கிக்கொண்டே போயிருப்பேன்!

கதையில் அவர்கள் சதி செய்கிறவர்கள். ஆனால் வரலாற்றைத் தேடினால் வேறு முகம் தெரிகிறது. முதல் பராந்தகச் சோழனுக்காக வெள்ளூர்ப் போரில் வாள் பிடித்தவர் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார். பராந்தகன் மணந்ததும் ஒரு பழுவேட்டரையர் மகளை. அவர்கள் மகன் அரிஞ்சயன் என்கிறது அன்பில் செப்பேடு. அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன், அவர் மகன் ராஜராஜன். கணக்குப் போட்டால் ராஜராஜனின் கொள்ளுப்பாட்டி பழுவூர்ப் பெண்! நாவலோடு நிறுத்தாமல் அடுத்த புத்தகத்துக்கும் போங்கள் என்று சொல்வது இதனால்தான்.

2. பிற்காலச் சோழர் வரலாறு

தி.வை. சதாசிவ பண்டாரத்தார் எழுதியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கதை மாதிரி ஓடாது, மெதுவாகத்தான் போகும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு கல்வெட்டு நிற்கும்.

வணிகவியல் மாணவனாக இந்த வாசிப்பில் என்னை அசத்தியது போரோ அரண்மனையோ இல்லை, ஆடுதான்! கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகளைத் தானம் கொடுப்பார்கள். அதை இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தினமும் ஒரு உழக்கு நெய் கொடுக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு. எப்படி? செத்ததற்கும் கிழடானதற்கும் பதில் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையை 96-லேயே வைத்திருக்க வேண்டும். முதல் குறையக்கூடாது, வட்டியில் விளக்கு எரிய வேண்டும். நாங்கள் வகுப்பில் படிக்கிற 'கேபிடல் மெயிண்டனன்ஸ்' இதுதானே? ஆயிரம் வருடத்துக்கு முந்தைய லெட்ஜர், கல்லில் இருக்கிறது.

கல்லுக்கும் ஆயுள் உண்டு என்பதுதான் சோகம். ராஜேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகரம். இன்று கோயில் இருக்கிறது, நகரம் இல்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயில் மதிலைப் பிரித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். அணைக்கரைப் பாலத்தில் பஸ் போகும்போது இனி கீழே பாருங்கள். அந்தக் கற்களில் எந்த எழுத்து இருந்ததோ! அணையால் வயல் விளைந்தது, அந்தச் சோற்றை நாமும் சாப்பிட்டிருக்கிறோம். அதனால் யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

3. பிளான்ஃபோர்டின் நிலவியல் அறிக்கை (1862)

ஆங்கிலம், அதுவும் பழைய ஆங்கிலம். நான் புரிந்துகொண்டது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமே போதும். தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளை இவர் மூன்றாகப் பிரித்தார். அதில் ஒன்றின் பெயர் அரியலூர்! நிலவியல் படிக்கிறவர்களுக்கு நம்ம ஊர் ஒரு பாறையின் பெயர். இங்கே கடல் இருந்தது. நத்தை போலச் சுருண்ட அம்மோனைட்டுகள் காரைப் பக்கம் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. அதை 1940-இல் கண்டு சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன்.

கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போவோமே, அந்தக் கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல் முழுக்க சிப்பி. சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் சிப்பி. அதைத்தான் வெட்டி அரைத்து சிமெண்ட் ஆக்குகிறார்கள். மதுரைக்கார நண்பரிடம் நான் சொன்ன பதில் தப்பில்லை, பாதியில் நிறுத்தியதுதான் தப்பு.

4. என் சரித்திரம்

ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்கிறவர்களுக்கு இது. உ.வே.சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய சுயசரிதை. 1942-இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றது. 1950-இல் புத்தகமாக வந்தது.

பள்ளியில் 'தமிழ்த் தாத்தா' என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்தவர்தானே என்று அலட்சியமாகத் திறந்தேன். உள்ளே அவர் சின்னப் பையனாக நம்ம மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறார்! அரியலூரில் சடகோபையங்கார் தமிழ் ருசியை ஏற்றிவிடுகிறார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் பாடம், கார்குடி கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல், செங்குணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை. பாடம் சொல்ல ஆள் இருக்கும் ஊருக்கு அப்பா குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போகிறார். ஒரு புத்தகத்துக்காக ஊர் மாறிய குடும்பம். நமக்கு நூலகம் ஐந்து ரூபாய் பஸ் டிக்கெட் தூரம், போவதில்லை.

பிறகு மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருகிறார். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் ராமசாமி முதலியார், என்னென்ன படித்தீர்கள் என்று கேட்கிறார். இவர் பெரிய பட்டியல் போடுகிறார். முதலியார் அசரவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை! என்ன இருக்கு என்று கேட்கப்பட்டுப் பதில் வராமல் நின்றது நான் மட்டுமில்லை என்று அங்கே ஓர் ஆறுதல். ஆனால் அவர் நின்றுவிடவில்லை. ஏடு தேடி அலைந்து 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார்.

ஏடு தேடிப்போன இடங்களில் சிலர் அதை ஆற்றில் விட்டோம் என்றும், நெருப்பில் இட்டோம் என்றும் சொன்னதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஏட்டுக்கட்டு இருந்தது. சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போனபோது கேட்டேன்.

"அப்பாயி, அந்தக் கட்டுல என்ன இருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும் சாமி? எங்க மாமனார் காலத்துது. செல்லு அரிச்சுப் போச்சு. குப்பையில போட்டா பாவமுன்னு பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கி கொள்ளிடத்துல விட்டுட்டோம்."

நிலக்கணக்கோ, வைத்தியமோ, பாட்டோ... இனி யாரும் சொல்ல முடியாது. அப்பாயி மேல் கோபம் வரவில்லை. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. மரியாதையாகத்தான் அனுப்பி வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரிந்த நாங்கள்தான் ஒருநாள்கூட அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

'எதுக்குடா வரலாறு?' என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். நம்ம ஊரில் ஒன்றும் இல்லாமல் இல்லை. கல் அணைக்குப் போயிற்று, ஏடு ஆற்றோடு போயிற்று. யாரோ உட்கார்ந்து எழுதி வைத்ததும், அதை இன்னொருவர் எடுத்துப் படித்ததும் மட்டும் தங்கியிருக்கிறது.

இப்போது லீவுக்குப் போகும்போதெல்லாம் அப்பாயி பக்கத்தில் ஒரு அக்கவுண்ட்ஸ் நோட்டோடு உட்காருகிறேன். நெல் மரக்கால் கணக்கு, கொள்ளிடம் வெள்ளம், யார் யாருக்கு என்ன பட்டப்பெயர் எல்லாம் எழுதுகிறேன். இதுவரை 22 பக்கம் ஆகியிருக்கிறது.

நண்பர்களே, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் பொன்னியின் செல்வனில் ஆரம்பித்து என் சரித்திரத்தில் முடியுங்கள். அதற்குள் உங்கள் ஊர் பெயர் எங்காவது வந்துவிடும்.