பெல்ஜியத் தேர்தல்களில் மொழியும் ஊடகமும்

பெல்ஜிய நாடாளுமன்றக் கீழவையின் 150 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கிறது. ஆனால் நடைமுறையில் அது இரண்டு தேர்தல்கள். வடக்கே டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ் மக்கள் தங்கள் மொழிக் கட்சிகளுக்கும், தெற்கே பிரெஞ்சு பேசும் வலோனியர் தங்களுடையவற்றுக்கும் வாக்களிக்கிறார்கள். ஆன்ட்வெர்ப் வாக்காளருக்கு ஒரு வலோனியத் தலைவரை அறவே பிடிக்காமல் போகலாம். அவரைத் தோற்கடிக்க மட்டும் வழியில்லை. அவர் பெயர் இவருடைய வாக்குச்சீட்டிலேயே இருக்காது. பிரஸ்ஸல்ஸில்தான் இரு தரப்புப் பட்டியல்களும் சேர்ந்து கிடைக்கும்.

முன்பு நிலைமை வேறு; பெரிய கட்சிகள் நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்தன. ஃபிளாண்டர்ஸில் உள்ள லூவென் பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சுப் பிரிவை வெளியேற்றக் கோரிய போராட்டம் 1968இல் அரசையே கவிழ்த்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி மொழிவாரியாகப் பிளந்தது. பின்னர் லிபரல்களும், 1978இல் சோஷலிஸ்ட்களும் பிரிந்தார்கள். இன்று இரு பகுதிகளிலும் ஒரே அமைப்பாக நின்று இடம் பிடிப்பது இடதுசாரித் தொழிலாளர் கட்சி ஒன்றுதான்.

பொது ஒலிபரப்பு அதற்கும் முன்பே, 1960இல், பிரிந்துவிட்டது. இன்று டச்சுக்கு வி.ஆர்.டி., பிரெஞ்சுக்கு ஆர்.டி.பி.எஃப்.; கிழக்கே சிறுபான்மையான ஜெர்மன் மொழியினருக்குத் தனி நாளேடும் வானொலியும் உண்டு. இதன் விளைவு பக்கச்சார்பான செய்தி என்பதைவிட, மறுபாதி கண்ணிலேயே படாமல் போவதுதான். ஃபிளெமிஷ் தேசியவாதத் தலைவர் பார்ட் டி வேவரை வீடுதோறும் அறிமுகப்படுத்தியதில் டச்சுத் தொலைக்காட்சியின் வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றுக்கும் பங்குண்டு. வடக்கில் நகைச்சுவை உணர்வுள்ள போட்டியாளர். தெற்கில் நாட்டைப் பிளக்க வந்தவர். 2010இல் அவருடைய கட்சி 27 இடங்களுடன் அவையில் முதலிடம் பெற்றது. அதன்பின் அரசு அமைய 541 நாட்களாயின. 2025 பிப்ரவரியில் அவரே பிரதமரானார்.

மறுபாதியைப் பற்றிய இந்த அறியாமை அவ்வப்போது கேமரா முன்னாலேயே அம்பலமாகும். 2007 தேசிய நாளன்று, பின்னர் பிரதமரான ஃபிளெமிஷ் தலைவர் ஈவ் லெடெர்மிடம் பிரெஞ்சுமொழிச் செய்தியாளர் பெல்ஜிய தேசியகீதம் தெரியுமா என்று கேட்டார். அவர் பாடத் தொடங்கியது பிரான்சின் தேசியகீதத்தை! அதற்கு முந்தைய டிசம்பரில் ஆர்.டி.பி.எஃப். வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்தி, ஃபிளாண்டர்ஸ் தனிநாடாகிவிட்டது, மன்னர் வெளியேறிவிட்டார் என்று அறிவித்தது. பலர் அப்படியே நம்பிவிட்டார்கள். இது கற்பனை என்ற வரி திரையில் வர அரைமணி நேரம் பிடித்தது. வடக்கின் அரசியலைத் தினமும் பார்த்திருந்தால் அத்தனை பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

தீவிர வலதுசாரிகளை நடத்தும் விதத்தில் இரு ஊடகங்களும் அடியோடு வேறுபடுகின்றன. பிரெஞ்சுமொழி ஒலிபரப்புகள் அவர்களுக்கு நேரலையில் பேச இடம் தருவதில்லை. டச்சுத் தொலைக்காட்சியில் அவர்கள் விவாதங்களில் அமர்கிறார்கள். 2024இல் ஃபிளாண்டர்ஸின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஃபிளாம்ஸ் பெலாங் கீழவையில் 20 இடங்களை வென்றது. வலோனியாவில் தீவிர வலதுசாரிகளுக்கு ஓர் இடமும் இல்லை. ஊடகத் தடையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. வலோனியாவில் தொழிற்சங்கங்களின் பிடி வலுவானது. ஃபிளாண்டர்ஸில் உள்ளது போன்ற தேசியவாத மரபும் அங்கே வேரூன்றவில்லை.