பெட்டிக்குள் போனவர்கள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் உள்ள உடற்கூறியல் மியூசியத்தில் ஒரு எலும்புக்கூடு நிற்கிறது. அதற்குப் பெயர் உண்டு. யாக்கோப் கார்ரர். இரண்டு கல்யாணம் பண்ணி, அது தெரிந்துபோன முதல் மனைவியைக் கொல்லப் பார்த்ததற்காக 1543இல் தலை வெட்டப்பட்டவன். தன் புத்தகம் அச்சாவதை மேற்பார்வை பார்க்க அப்போது அந்த ஊருக்கு வந்திருந்தார் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ். கார்ரரின் உடலை ஊரார் முன்னிலையில் அறுத்துக் காட்டிவிட்டு, எலும்புகளைக் கோத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பாடத்துக்காகத் தயாரிக்கப்பட்டு இன்றுவரை மிஞ்சியிருப்பவற்றில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள்.

வெசாலியஸுக்கு இது முதல் எலும்புக்கூடு இல்லை. ஏழு வருஷம் முன்னால், மாணவனாக இருந்தபோது, லூவென் நகருக்கு வெளியே தூக்கில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பிணத்தைப் பார்த்தார். சதையெல்லாம் பறவைகள் தின்று முடித்திருந்தன. எலும்புகள் மட்டும் உதிராமல் அப்படியே தொங்கின, லிகமென்ட் என்கிற நார்கள் இன்னும் அறாமல் இருந்ததால். நண்பனின் உதவியோடு கால்களையும் கைகளையும் பிய்த்துத் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கொண்டுபோனார். யாராவது கேட்டால் 'பாரிஸிலிருந்து வாங்கி வந்தேன்' என்று சொல்லிவிட்டார். நவீன உடற்கூறியலின் தந்தை என்று நாம் பரீட்சையில் எழுதியது இவரைத்தான்.

அந்த நார்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எலும்புக்கூடு என்றதும் நம் மனசில் வருவது வகுப்பறை மூலையில் கொக்கியில் தொங்கும் வெள்ளை உருவம். ஆனால் உடலுக்குள் எந்த எலும்பும் வெள்ளையாகவும் இல்லை, தனியாகவும் இல்லை. எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்க லிகமென்ட், தசையை எலும்போடு பிடித்துவைக்க டெண்டன், மூட்டில் உரசாமல் இருக்கக் குருத்தெலும்பு. தொண்டையில் இருக்கும் ஹயாய்டு எலும்பு வேறு எந்த எலும்பையும் தொடுவதே இல்லை; தசையிலும் நாரிலும் மட்டுமே தொங்குகிறது. இவை எல்லாவற்றையும் கரைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கம்பியும் ஸ்பிரிங்கும் போட்டால்தான் வகுப்பறை எலும்புக்கூடு கிடைக்கும். அதாவது அது இயற்கையான பொருள் இல்லை, தயாரிப்பு. தயாரிப்பு என்றால் மூலப்பொருள் வேண்டும், ஆள் வேண்டும், சந்தை வேண்டும்.

ஐரோப்பாவில் மூலப்பொருள் முதலில் தூக்குமேடையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1752ஆம் வருஷத்துச் சட்டம், கொலைகாரனின் உடலைப் புதைக்க விடாமல் அறுக்கக் கொடுப்பதையே தண்டனையின் பகுதி ஆக்கியது. எடின்பரோவில் 16 பேரைக் கொன்று உடற்கூறியல் ஆசிரியர் ராபர்ட் நாக்ஸுக்கு விற்ற பர்க், ஹேர் ஜோடியில் பர்க் மட்டும் 1829 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டான். ஹேர் அப்ரூவராகித் தப்பித்துவிட்டான். பர்க்கின் எலும்புக்கூட்டைப் பாதுகாத்து வைத்தால் வருங்காலம் அவன் குற்றத்தை மறக்காது என்பது நீதிபதியின் எண்ணம். எலும்புக்கூடு இன்னும் அங்கேயே இருக்கிறது.

இங்கே பெயர் என்பது தண்டனை. அதனால்தான் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். தண்டனையாக இல்லாவிட்டாலும், பெயர் இருந்தால் ஒரு நன்மை உண்டு: சார்பாகப் பேச ஆள் வருவார்கள். அயர்லாந்துக்காரரான சார்லஸ் பைர்ன், ஏழரை அடிக்கு மேல் வளர்ந்தவர், 1783இல் தன் 22ஆவது வயதில் லண்டனில் செத்துப்போனார். தன் உடல் அறுப்பவர்கள் கையில் சிக்காமல் கடலில் போட வேண்டும் என்பது அவர் ஆசை. ஜான் ஹன்டர் என்ற அறுவை நிபுணர் காசு கொடுத்து உடலைக் கைப்பற்றினார். இருநூறு வருஷத்துக்கும் மேலாக மியூசியத்தில் நின்ற அந்த எலும்புக்கூடு, பலரும் எதிர்த்து எழுதியும் பேசியும் வந்த பிறகு, 2023இல் ஹன்டேரியன் மியூசியம் மறுபடி திறந்தபோது காட்சியில் இல்லை. கடலுக்கு இன்னும் போகவில்லைதான். ஆனால் கேட்க ஒரு பெயராவது இருந்தது.

1832இல் பிரிட்டன் சட்டத்தை மாற்றியது. கொலைகாரர்களை விட்டுவிட்டு, ஏழைகளுக்கான விடுதிகளில் செத்து, கேட்க நாதியில்லாமல் கிடந்தவர்களின் உடல்கள் மருத்துவப் பள்ளிகளுக்குப் போக ஆரம்பித்தன. பிணத்திருட்டு குறைந்தது, உண்மைதான். ஆனால் நேற்றுவரை கொலைக்குத் தண்டனையாக இருந்தது இன்றிலிருந்து வறுமைக்கு வந்துசேர்ந்தது. பெயரை எழுதிவைக்க வேண்டிய காரணமும் போய்விட்டது.

கதை கல்கத்தாவுக்கு வருவது இங்கேதான். கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியது. அடுத்த வருஷமே மதுசூதன் குப்தா அங்கே மனித உடலை அறுத்தார். நவீன காலத்தில் அதைச் செய்த முதல் இந்தியர் என்று அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது; அறுக்கப்பட்டவர் பெயரை யாரும் சொல்வதில்லை. 1850களிலேயே அந்தக் கல்லூரி வருஷத்துக்குச் சுமார் 900 எலும்புக்கூடுகளைத் தயாரித்தது, பெரும்பாலும் கப்பலேற்ற என்று எழுதுகிறார் இந்த வியாபாரத்தைத் தேடிப்போன பத்திரிகையாளர் ஸ்காட் கார்னி. பிறகு தனியார் கம்பெனிகள் வந்தன. லண்டன், சிகாகோ, மெல்போர்ன் என்று எங்கே மாணவன் எலும்பு படித்தாலும், அவன் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியில் பெரும்பாலும் ஒரு இந்தியர் இருந்தார். பாதி எலும்புக்கூடுதான். வலதும் இடதும் ஒன்றுபோல என்பதால் பாதி போதும், விலையும் குறைவு.

தயாரிப்பு முறையை கார்னி விவரித்திருக்கிறார். பிணத்தை வலையில் சுற்றி ஆற்றில் கட்டிப்போடுவார்கள். ஒரு வாரத்தில் பாக்டீரியாவும் மீனும் பாதி வேலையை முடித்துவிடும். மிச்சத்தைச் சுரண்டி, காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் பளிச்சென்ற வெள்ளை. இதையெல்லாம் கையால் செய்தவர்களில் பெரும்பாலோர், சுடுகாட்டு வேலையைத் தலைமுறையாகச் சுமந்த டோம் சாதியினர். கப்பலில் ஏறிய இன்வாய்ஸில் அவர்கள் பெயரும் கிடையாது.

1984இல் மட்டும் சுமார் 60,000 மண்டையோடுகளும் எலும்புக்கூடுகளும் இந்தியாவிலிருந்து போயின என்று அடுத்த வருஷம் 'சிகாகோ ட்ரிப்யூன்' எழுதியது. அதே 1985 மார்ச்சில் 1,500 குழந்தைகளின் எலும்புக்கூடுகளை அனுப்பியதாக ஒரு வியாபாரி கைதானார். குழந்தை எலும்புக்கு விலை அதிகம். எலும்பின் முனைகள் எந்த வயதில் எப்படி ஒட்டுகின்றன என்பதை அதில்தானே பார்க்க முடியும். குழந்தைகளைக் கடத்திக் கொல்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின, நாடே கொதித்தது, அந்த வருஷமே ஏற்றுமதிக்குத் தடை வந்தது. நூறு வருஷத்துக்கும் மேல் பெரியவர்களின் எலும்பு போனபோது வராத கோபம் அது. வியாபாரம் அதோடு செத்துவிடவும் இல்லை. 2007இல் மேற்கு வங்கத்தின் பூர்வஸ்தலியில் போலீஸ் கைப்பற்றியதும் இதே சரக்குதான்.

என் சித்தி பெண் எம்.பி.பி.எஸ். சேர்ந்த வருஷம் சீனியரிடமிருந்து ஒரு போன் செட் வாங்கினாள். மண்டையோட்டில் அவளுக்கு முன்னால் படித்தவர்கள் பென்சிலால் கோடுபோட்டு வைத்திருந்தார்கள். "இது யாரா இருக்கும்?" என்று கேட்டேன். "செட்டுண்ணா இது. ஒரே ஆள்னு கூட சொல்ல முடியாது, கை ஒருத்தரோடது, கால் ஒருத்தரோடதா இருக்கும்" என்றாள். அப்புறம், "டோன்ட் டச், நாளைக்கு வைவா" என்று பிடுங்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 206 எலும்பையும், அதில் ஒவ்வொரு மேட்டிலும் குழியிலும் எந்தத் தசை ஒட்டுகிறது என்பதையும் ஒப்பிக்க வேண்டிய பிள்ளைக்கு வேறு எதையும் யோசிக்க நேரம் ஏது.

இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அந்தப் பழைய பெட்டிகள் சங்கடமாக உட்கார்ந்திருக்கின்றன. பாடத்துக்கு பிளாஸ்டிக் வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், யாரிடம்? எனக்கு இது டேட்டாபேஸ் பிரச்சினையாகத்தான் முதலில் தெரிந்தது: லட்சக்கணக்கான ரெக்கார்டு, ஒன்றுக்கும் ஐடி இல்லை. ஆனால் ரெக்கார்டு ஒன்றும் காலி இல்லை. காறையெலும்பின் உள்முனை முழுசாக ஒட்டாவிட்டால் ஆள் முப்பதைத் தாண்டவில்லை. இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று சொல்லும். கண்குழியின் மேற்கூரையில் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருந்தால், சின்ன வயசில் ரத்தசோகையோ வேறு குறைபாடோ இருந்திருக்கலாம்.

கணைக்கால் எலும்பின் கீழ்முனையிலும் ஒரு தடயம் இருக்கிறது. லாகூர் மருத்துவக் கல்லூரியில் இருந்த ஹேவ்லாக் சார்ல்ஸ் பஞ்சாபிகளின் கால் எலும்புகளை ஆராய்ந்து 1893இல் எழுதினார். கணுக்கால் மூட்டின் முன்பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்து வளர்ந்த ஐரோப்பியர்களிடம் அரிதாகவே காணப்படும் சின்ன வழவழப்பான தடம் ஒன்று இவர்களிடம் சாதாரணமாக இருந்தது. தினமும் குத்தவைத்து உட்கார்ந்தால், பாதம் மடங்கி இரண்டு எலும்பும் உரசும் இடத்தில் உண்டாகும் தடம். லண்டன் மாணவன் கல்கத்தா பெட்டியைத் திறந்து கால் எலும்பைக் கையில் எடுத்தபோது, அவன் கட்டைவிரல் பட்ட இடத்திலேயே அது இருந்திருக்கும்.