என்ன வேலையில் இருந்தீர்கள்? கடைமடையில் இதயத் துடிப்புக் கோளாறைத் தூண்டுபவை

இதயத் துடிப்பு தாளம் தப்ப எந்த அன்றாடப் பழக்கம் காரணம் என்று கேட்டால் காபி, மது, தூக்கக் கேடு, மன உளைச்சல் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிப்பவரை மனத்தில் வைத்துப் போட்ட பட்டியல் அது. கோரையாறும் பாமணியாறும் அலையாத்திக் காட்டுக்குள் இறங்கும் கடைமடையான முத்துப்பேட்டையில், நடவுக்குப் போகிறவரிடமும் காயலில் தடவி மீன் பிடிக்கிறவரிடமும் அது பாதிகூடப் பொருந்தாது. இங்கே மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "அப்போது என்ன வேலையில் இருந்தீர்கள்?" என்பதே என வாதிடுகிறேன்.

பட்டியலின் தலையில் இருக்கும் காபியே தள்ளாடுகிறது. கலிபோர்னியாவின் கிரெகரி மார்கஸ் குழு, இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள் தமக்கு ஆகாது என்று நம்பியதை அவர்களிடமே சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டது. வேறெதையும் விட அதிகம் பேர் சோதிக்கத் தேர்ந்தது காபியில் உள்ள கஃபீனை. தொடர்பு உறுதியானதோ மதுவுக்கு மட்டுமே. 2025-இல் வந்த இன்னோர் ஆய்வில் 200 நோயாளிகள். ஆறு மாதத்தில் காபி குடித்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கும், அறவே விட்டவர்களில் 64 விழுக்காட்டினருக்கும் கோளாறு திரும்பியது. இதற்காக யாரும் டிகாக்‌ஷனைக் கூட்ட வேண்டியதில்லை. நோயாளி சொல்லும் காரணம் வேறு, உண்மைக் காரணம் வேறாக இருக்கலாம் என்பதே செய்தி.

தூண்டுதல் தீப்பொறிதான், கூரை காய்ந்திருந்தால்தான் பற்றும். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீளும் பிறவிக் கோளாற்றில் ஒரு வகையினருக்கு நீச்சலும் இன்னொரு வகையினருக்குத் திடீர் ஒலியும் ஆபத்து. அதே ஆற்றில் குதிக்கும் மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. நம் நாட்டில் காய்ந்த கூரை பல நேரம் வாதக் காய்ச்சல் சுருக்கிவிட்ட இதய வால்வு. வாதக் காய்ச்சலால் வந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் குறித்து 24 நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 50. நூற்றுக்கு 72 பேர் பெண்கள். நடவு வயலில் குனிந்தே நிற்பவளுக்கு மூச்சு முட்டினால் அவள் குடித்த டீயைக் குறை சொல்வது வீண்.

வயலில் பூச்சிமருந்து அடிப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். புரட்டாசிப் புழுக்கம். முதுகில் 16 லிட்டர் டேங்க், காலில் செருப்பில்லை, சேறு முழங்காலுக்கு. மூடி கசிந்து முதுகுச் சட்டை நனைகிறது. நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுகிறார். காலையில் குடித்த நீராகாரத்துக்குப் பின் ஒன்றும் இறங்கவில்லை. ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. துடிப்பு முதலில் எகிறலாம், பிறகு மந்தமாகலாம், க்யூ.டி. நீண்டு உயிர்க்கொல்லித் துடிப்பாகவும் மாறலாம். இந்தக் கடுமை பெரும்பாலும் விஷத்தைக் குடித்தவர்களிடம் பதிவானது என்பதை மறைக்கக் கூடாது. தெளிப்பவர் உடம்பில் சேர்வது குறைவு. ஆனால் வியர்வையில் நீரும் உப்பும் போய், நீர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் பொட்டாசியமும் இறங்கியிருக்கும் உடம்பில் அந்தக் குறைந்த அளவு போதாது என்று எப்படிச் சொல்வது? இவ்வகையில் வயலில் பழகிய போரேட் குருணைக்கு ஒன்றிய அரசின் 2018 ஆணைப்படி 2020 இறுதியோடு தடை வந்தது. தடையற்ற பிற மருந்துகள் இன்னும் டேங்கில்தான்.

மதுவுக்கும் உள்ளூர்க் கணக்கு வேண்டும். பிலிப் எட்டிங்கர் 1978-இல் "விடுமுறை இதயம்" என்று பெயரிட்டது வார இறுதிக் குடியைப் பார்த்து. தினக்கூலிக்கு ஏது வார இறுதி? கூலி கைக்கு வந்த நாளைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதில் மொழியும் குறுக்கே வருகிறது. படபடப்பு என்றால் நமக்குப் பதற்றமும்தான், துடிப்பும்தான். நோயாளி நெஞ்சைச் சொல்ல, மருத்துவர் மனத்தைக் கேட்டு "பயப்படாதீங்க" என்று அனுப்பிவிடுவதுண்டு. வீட்டிலோ அதற்கு வாயுப் பிடிப்பு என்று பெயர். மறுநாள் ஈ.சி.ஜி. எடுத்தால் சுத்தமாக இருக்கும். கோளாறு வந்து போய்விட்டது. அதற்குச் சாட்சி அவர் மட்டும்தான். மருத்துவத்தில் பழைய உத்தி ஒன்று உண்டு: துடித்தது எப்படி என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொல்வது. சீராக, விரைவாகத் தட்டினால் ஒரு வகைக் கோளாறு. கண்டபடி தட்டினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சந்தேகம். ஒரு தட்டு விட்டு அடுத்தது ஓங்கி விழுந்தால் பெரும்பாலும் தீங்கில்லாத மிகைத் துடிப்பு. தவிலும் தப்பும் கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மேசையைக் காட்டினால் போதும், தட்டிவிடுவார்.